அம்மாவின் ஊசி நிற்கும் இடம்

நல்ல நாவல் எது என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. சத்தமாக வாசித்துக்கொண்டே அம்மாவின் கையைப் பார்ப்பேன். நுனியில் கொக்கியுள்ள குரோஷா ஊசி ஓடிக்கொண்டே இருந்தால் கதை பரவாயில்லை ரகம். ஊசியின் வேகம் குறைந்து, நூல் விரலில் சுற்றியபடியே நின்றுவிட்டால், அந்தப் பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நான் நிறுத்தினால் உடனே, "ஏன் நிறுத்திட்ட? மேல படி" என்பார்.

அம்மாவுக்குக் கண்ணின் நடுப்பார்வை மங்கத் தொடங்கிய பிறகு வந்த பழக்கம் இது. விழித்திரையின் மையத்தில் மாக்குலா என்றொரு சிறு பகுதி உண்டு. அது பழுதானால் ஓரங்கள் தெரியும், நேராகப் பார்க்கும் இடம் மட்டும் கலங்கிப்போகும். வீட்டுக்குள் தடுமாறாமல் நடக்கலாம். எழுத்துக்கூட்டி ஒரு வரி படிக்க முடியாது. எப்போதும் மடியில் ஒரு புத்தகத்தோடு இருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பின்னல் அவர் கையை விட்டுப் போகவில்லை. அதற்குக் கண் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

இரண்டு ஊசிகளால் போடும் ஸ்வெட்டர் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியின் மேல் திறந்தே இருக்கும். ஒன்று நழுவினால் கீழே பல வரிசை வரை அவிழ்ந்துகொண்டே போகும். குரோஷாவில் அந்தப் பயமில்லை. எந்த நேரத்திலும் ஊசியில் இருப்பது ஒன்றிரண்டு கண்ணிகள்தான். நழுவினாலும் அதைத் தேடிப் பிடித்தால் போதும். அம்மா பின்னுவது நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி விரியும் சதுரங்கள். டபுள் குரோஷா என்ற உயரமான தையல் மூன்று சேர்ந்தால் ஒரு கொத்து. மூலையில் மட்டும் ஒரே இடைவெளிக்குள் இரண்டு கொத்து, நடுவே செயின் என்ற சங்கிலிக் கண்ணிகள். கட்டைவிரலை ஓரத்தில் ஓட்டிக்கொண்டே போனால் மூலை வரும் இடத்தில் துளை பெரிதாகத் தட்டுப்படும். அங்கே திரும்ப வேண்டும். பார்வை இருக்கிற நான் எண்ணிக்கொண்டு செய்வதை அவர் தடவிப் பார்த்துச் செய்கிறார், என்னைவிடச் சீராக. நிறம் மட்டும்தான் சிக்கல். அதற்கு ஒவ்வொரு நூலுருண்டைக்கும் ஒரு துணிப்பை, பையின் வாயில் ஒரு பொத்தான். இரண்டு துளைப் பொத்தான் நீலம், நாலு துளைப் பொத்தான் மஞ்சள், மரப் பொத்தான் சிவப்பு, சிப்பிப் பொத்தான் வெள்ளை.

சத்தமாக வாசிப்பதை நான் இந்தச் சதுரங்களோடு சேர்ந்தே கற்றுக்கொண்டேன். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வருகிறது. நீளமான வாக்கியம் என்றால், யார், எங்கே, எப்படி எல்லாம் முதலில் வந்து குவிந்துவிடும். என்ன நடந்தது என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். அதுவரை குரலைத் தாழ்த்தாமல் கொண்டுபோக வேண்டும். நடுவில் மூச்சு வாங்கக் கமா ஒன்றைத் தேடிக் கண் முன்னால் ஓட வேண்டும். வாய் ஒரு வரியில் இருக்கும்போது கண் அடுத்த வரியில் இருக்கும். பழகிய பிறகு அது தானாக நடக்கிறது. நன்றாக எழுதுகிறவர்கள் மூச்சு வாங்கும் இடத்தை வாக்கியத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. மனதுக்குள் படிக்கும்போது பிரமாதம் என்று நினைத்த சில எழுத்தாளர்கள் குரலில் நிற்கவில்லை. சாதாரணம் என்று ஒதுக்கிய ஒன்றிரண்டு பேர் குரலில் மலர்ந்துவிட்டார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். பதற்றமான அத்தியாயங்களில் அம்மாவின் பின்னல் இறுகிவிடும். நூலை இழுத்துப் பிடிக்கும் விரலுக்குக் கதை எட்டிவிடுகிறது. ஒரே ஊசி, ஒரே நூல், ஒரே எண்ணிக்கைச் சுற்று. ஆனாலும் அந்தச் சதுரம் மற்றவற்றைவிடச் சின்னதாக வரும். போர்வையாக இணைக்கும்போது அவற்றை ஈரமாக்கி, இழுத்து, குண்டூசி குத்திக் காயவைத்தால் அளவு சரியாகிவிடும். அம்மா அந்தச் சதுரத்தை விரலால் அமுக்கிப் பார்த்து, "இது வெள்ளம் வந்த அத்தியாயம்" என்று சரியாகச் சொல்வார்.

கையும் காதும் இப்படிச் சேர்ந்து வேலை செய்வது புதிதல்ல. கியூபாவின் ஹவானாவில் 1865-இல் சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஓர் ஏற்பாடு தொடங்கியது. மேடையில் ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிப்பார். வரிசையாக மேசைகளில் உட்கார்ந்து இலை சுருட்டுகிறவர்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்வார்கள். வாசிப்பவருக்கான சம்பளத்தைத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். பிடித்த இடம் வந்தால் இலை வெட்டும் கத்தியால் மேசையைத் தட்டிப் பாராட்டுவார்களாம். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாள் முழுக்க ஒரே அசைவைச் செய்யும் கைகளுக்கு நடுவே ஒரு நாவல் சத்தமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குக் கூலியில் ஒரு பங்கை எடுத்து வைக்கிறார்கள்! புத்தகத்தை இதைவிட மரியாதையாக யாரும் நடத்தியதாக எனக்குத் தெரியவில்லை.

எல்லாக் கைவேலைக்கும் எல்லாப் புத்தகமும் ஒத்துவராது. இது அனுபவத்தில் சொல்வது. ஒரே தையல் திரும்பத் திரும்ப வரும் வேலை என்றால் எந்தக் கனமான புத்தகத்தையும் கேட்கலாம். கை தன் பாட்டுக்குப் போகும், மனம் முழுதாகக் கதையில் இருக்கும். கட்டம் பார்த்து எண்ணிப் போடும் கிராஸ் ஸ்டிச் போன்ற வேலைக்கு ஏற்கெனவே படித்த புத்தகம்தான் சரி. இரண்டு பக்கம் காதில் விழாமல் போனாலும் நஷ்டமில்லை. வரைந்த கோட்டின் மேல் ஓடும் காம்புத் தையலுக்கோ சங்கிலித் தையலுக்கோ பயணக் கட்டுரை அருமையாகப் பொருந்தும், ஏனென்று தெரியவில்லை. கவிதைக்கு மட்டும் கையைச் சும்மா வைத்துக்கொள்வது நல்லது. நான் எம்ப்ராய்டரி போடும்போது எனக்கு வாசிக்க ஆள் கிடையாது, ஒலிப்புத்தகம்தான். 2005-இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸில் காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவேற்றுகிறார்கள், காசு கிடையாது. தொழில்முறைக் குரல்கள் அல்ல. யாரோ ஒருவர் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து, பிடித்த புத்தகத்தை முகம் தெரியாத இன்னொருவருக்காக வாசித்திருக்கிறார். பின்னணியில் எப்போதாவது கதவு சாத்தும் சத்தம் கேட்கும். எனக்கு அது பிடிக்கிறது.

எம்ப்ராய்டரியில் நான் பெரும்பாலும் போடுவது புத்தக அடையாளத் துணிகள்தான். ஆறு இழை நூலில் இரண்டு இழை எடுத்தால் அளவாக இருக்கும். இழைகளைச் சேர்த்துப் பிடித்துப் பிரித்தால் சிக்கிக்கொள்ளும். ஒன்றை மட்டும் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். மற்றவை கீழே சுருண்டு குவியும், தடவிவிட்டால் நேராகிவிடும். பின்பக்கம் முடிச்சே கூடாது. மூடிய புத்தகத்துக்குள் அந்த முடிச்சு தாளில் பள்ளம் போட்டுவிடும். நூல் நுனியைப் பின்பக்கத் தையல்களுக்குள் நுழைத்து ஓட்டிவிட்டால் போதும்.

எனக்கே எனக்கென்று வாசிக்கும் நேரம் வேறு. அப்போது காதில் ஒன்றும் இருக்காது, ஊசியும் இருக்காது. மென்மையான 2பி பென்சிலும் ஒரு நோட்டும் மட்டும். நோட்டின் இடப்பக்கத்தில் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள், வலப்பக்கத்தில் எனக்குத் தோன்றியது. கையால் ஒரு வரியைப் பார்த்து எழுதும்போது அதன் கட்டுமானம் விரலுக்குள் வருகிறது. ஏன் இந்தச் சொல் முன்னால் வந்தது, அந்தச் சொல் ஏன் பின்னால் போனது என்று தெரிகிறது. போனில் படம் எடுத்து வைக்கும் வரிகளை நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை. எழுதி வைத்தவை பல வருஷம் கழித்தும் மனப்பாடமாக இருக்கின்றன.

கடையில் வாங்கும் நோட்டுகளில் முதுகு முழுக்கப் பசை ஒட்டியவை விரித்து வைத்தால் நிற்காது, மூடிக்கொள்ளும். எழுதும் கை ஒன்று, அழுத்திப் பிடிக்கும் கை ஒன்று என்று ஆகிவிடும். அதனால்தான் நானே நோட்டு தைக்க ஆரம்பித்தேன். அங்கிருந்து பைண்டிங் என்னை முழுதாகப் பிடித்துக்கொண்டது.

தாளுக்கு ஓட்டம் உண்டு என்பதை இந்த வேலைதான் சொல்லிக்கொடுத்தது. தாள் இயந்திரத்தில் கூழ் ஒரு வலைமேல் வேகமாக ஓடுகிறது. அதில் மிதக்கும் நார்கள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. ஆகவே எந்தத் தாளும் ஒரு திசையில் சுலபமாக மடியும், மறு திசையில் முரண்டு பிடிக்கும். ஒரு தாளை எடுத்து மடிக்காமல் மெல்ல வளைத்துப் பாருங்கள், முதலில் நீளவாக்கில், பிறகு அகலவாக்கில். எது இளகிக் கொடுக்கிறதோ அந்த வளைவுக்கு இணையாகத்தான் நார் ஓடுகிறது. ஈரம் பட்டால் நார் நீளத்தில் அவ்வளவாக வளராது, பருமனில் உப்பும். நோட்டின் முதுகுக்கு இணையாக நார் ஓட்டம் இருந்தால் பக்கங்கள் தழைந்து விழும். குறுக்கே இருந்தால் மடிப்பு வெடிக்கும், பசை பட்ட இடம் அலை அலையாக நெளியும்.

இதில் ஒரு சங்கடம். சாதாரண ஏ4 தாளில் ஓட்டம் பெரும்பாலும் நீளவாக்கில்தான் இருக்கும். அதைப் பாதியாக மடித்து ஏ5 நோட்டு ஆக்கினால் மடிப்பு ஓட்டத்துக்குக் குறுக்கே போய்விடுகிறது. நீளவாக்கில் ஓட்டமுள்ள ஏ3 தாளை வாங்கி நடுவில் வெட்டிக்கொள்வது என் வழி. வெட்டியதும் கிடைக்கும் ஏ4-இல் ஓட்டம் குட்டைப் பக்கத்தோடு போகும், மடித்தால் முதுகோடு சரியாக நிற்கும். எத்தனை முறை பாதியாக்கினாலும் நீள அகல விகிதம் மாறாமல் இருப்பதும் இந்த அளவுகளின் அழகு. தொடக்கமான ஏ0-வின் பரப்பு கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர். 80 ஜிஎஸ்எம் என்றால் அந்த ஒரு சதுர மீட்டரின் எடை 80 கிராம்; ஏ4 அதில் 16-இல் ஒரு பங்கு, அதாவது 5 கிராம். சமையல் தராசில் ஒரு தாளை வைத்துப் பார்த்தேன். 5 என்றே காட்டியது. அந்த எண் எனக்கு வெகுநேரம் சந்தோஷம் கொடுத்தது.

தைக்கத் தெரிந்த பிறகு பழைய புத்தகங்கள் என் மேசைக்கு வரத் தொடங்கின. சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். எல்லாப் புத்தகத்துக்கும் பொது எதிரி ஒன்று உண்டென்றால் அது செலோடேப். அமெரிக்கரான ரிச்சர்ட் ட்ரூ அதை 1930 வாக்கில் உருவாக்கினார். பொட்டலம் ஒட்ட அற்புதமான பொருள், புத்தகத்துக்கு விஷம். சில வருஷத்தில் மேலிருக்கும் படலம் காய்ந்து உதிரும், பசை மட்டும் தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகத் தங்கிவிடும். அதற்கப்புறம் அதைச் சுத்தமாக எடுப்பது மிகக் கடினம். தயவுசெய்து, கிழிந்த பக்கத்தைக் கிழிந்தபடியே ஒரு உறையில் போட்டு வையுங்கள். ஒட்டத் தெரிந்தவர் கையில் கிடைக்கட்டும்.

கிழிசலை அருகில் வைத்துப் பார்த்தால் அதன் ஓரம் நேராக வெட்டியதுபோல் இருக்காது. தாளின் கனத்துக்குள்ளேயே சரிவாகக் கிழிந்திருக்கும், இரு பக்கமும் வெள்ளை நார் நீட்டிக்கொண்டிருக்கும். எந்த விளிம்பு மேலே, எது கீழே என்று பார்த்துப் பொருத்தினால் பல கிழிசல்கள் கண்ணுக்கே தெரியாமல் மூடிக்கொள்ளும். நன்கு காய்ச்சி வடிகட்டிய ஸ்டார்ச் பசையை மெல்லிய தூரிகையால் அந்த நார்களில் தொட்டு வைத்து, மேலே ஜப்பானியத் தாளில் ஒரு கீற்று. கோசோ என்ற மல்பெரி வகைச் செடியின் பட்டையில் செய்யும் அந்தத் தாளில் நார் மிக நீளம். கத்தரிக்கோல் வைக்கக்கூடாது. தண்ணீர் தொட்ட தூரிகையால் கோடு போட்டு, இரு பக்கமும் மெதுவாக இழுத்துப் பிரிக்க வேண்டும். ஓரத்தில் நார்கள் நீட்டி நிற்கும், அவைதான் பழைய தாளைப் பற்றிக்கொள்ளும். மேலும் கீழும் ஒட்டாத தாள், உறிஞ்சும் தாள், கனமான இரண்டு அகராதி. மறுநாள் வரை தொடக்கூடாது.

ஸ்டார்ச் பசையை ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறேன் என்றால், ஈரம் காட்டினால் அது இளகிவிடும். நாளைக்கு என்னைவிடத் திறமையான ஒருவர் கையில் இந்தப் புத்தகம் கிடைத்தால் என் வேலையைப் பிரித்துவிட்டு நன்றாகச் செய்ய அவருக்கு வழி இருக்க வேண்டும். பழுது பார்ப்பவர்கள் இந்தக் கொள்கையை உயிராக மதிக்கிறார்கள். 1966 நவம்பர் 4 அன்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு பெருகி, தேசிய மத்திய நூலகத்துக்குள் புகுந்தது. லட்சக்கணக்கான நூல்கள் சேற்றில் மூழ்கின. பல நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள் வரிசையாக நின்று அவற்றைக் கைமாற்றி வெளியே எடுத்தார்கள். சேற்றுத் தேவதைகள் என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது. இங்கிலாந்திலிருந்து போன பீட்டர் வாட்டர்ஸ் போன்ற பைண்டர்கள், ஈரத்தைத் தாங்கி எந்தப் புத்தகக் கட்டு பிழைத்தது, எது சிதைந்தது என்று அங்கேயே பார்த்துப் பழகினார்கள். நூல் பாதுகாப்பு ஒரு தனித் துறையாக வளர்ந்ததில் அந்த வெள்ளத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு கிழிசலின் முன்னால் தூரிகையோடு உட்காரும்போதெல்லாம் அந்த மனித வரிசையை நினைத்துக்கொள்வேன்.

பழைய புத்தகத்தைப் பிரிக்கும்போது எழும் வாசனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரக்கூழ்த் தாளில், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. வருஷங்கள் போகப் போக அதுவும் தாளின் நாரான செல்லுலோஸும் மெல்லச் சிதைந்து காற்றில் கலக்கின்றன. அதில் வெனிலாவின் மணத்தைத் தரும் வெனிலின் என்ற பொருளும் உண்டு. அந்த மெல்லிய இனிப்பு மணம் அதனால்தான். தாள் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துதான் அந்த மணத்தைத் தருகிறது என்று தெரிந்த பிறகு, புத்தகங்களை வெயிலிலிருந்தும் ஈரத்திலிருந்தும் தள்ளி வைப்பதில் நான் முன்னைவிடக் கண்டிப்பாக இருக்கிறேன்.

"இவ்வளவு நல்லா செய்றீங்க, விக்கலாமே?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். கைவேலையால் குடும்பம் நடத்துகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது. அவர்கள் வேலை என்னுடையதைவிடக் கடினமானது. நான் பகல் முழுக்கக் கணக்கு வேலை பார்க்கிறேன். தேதி, தொகை, கெடு என்று எல்லாமே எண்தான். மாலையில் இந்த மேசைக்கு வருவது அந்த எண்கள் இல்லாத ஓரிடத்துக்கு வருவதற்காக. இந்த வருஷம் இத்தனை புத்தகம் என்று இலக்கு வைத்துப் படிப்பதும் அதனாலேயே எனக்கு ஒத்துவரவில்லை. சில நாவல்களை ஒரு மாதம் முழுக்க வாசிப்போம். அம்மா பிடித்த பத்தியைத் திரும்பக் கேட்பார், நானும் சலிக்காமல் திரும்ப வாசிப்பேன். எண்ணிக்கை முன்னால் நின்றால் அந்த இரண்டாம் வாசிப்புக்கு இடமே இல்லாமல் போகும்.

யாராவது தொடங்க வேண்டுமென்று நினைத்தால் மூன்று துளை நோட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். எட்டுத் தாளைச் சேர்த்து நடுவில் மடித்து, ஸ்பூனின் பின்புறத்தால் மடிப்பை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். வெளியே கொஞ்சம் தடித்த தாள் ஒன்று, அதுதான் அட்டை. விரித்து வைத்து மடிப்பின் மேல் நடுவில் ஒன்று, இரு ஓரங்களிலும் சிறிது உள்ளே தள்ளி ஒவ்வொன்று, ஆக மூன்று துளைகள் குத்தூசியால். முதுகின் நீளத்தைப் போல இரண்டரை மடங்கு நூல் எடுத்து மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே போங்கள், நுனியைக் கொஞ்சம் உள்ளே விட்டுவிட்டு. மேல்துளையில் உள்ளே வாருங்கள். நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே. திரும்ப நடுத்துளை வழியாக உள்ளே, ஏற்கெனவே இருக்கும் நூலைக் குத்திவிடாமல். இப்போது உள்ளே ஒரு நீளத் தையல் மேலிருந்து கீழாகக் கிடக்கும். நூலின் இரு நுனிகளும் அதற்கு இரு பக்கமும் வரும்படி வைத்து, முதுகுக்கு இணையாக இழுத்து இறுக்குங்கள்; செங்குத்தாக இழுத்தால் துளை கிழியும். இரட்டை முடிச்சுப் போட்டு, அரை அங்குலம் விட்டு வெட்டிவிடுங்கள். பசை எதுவும் இல்லை, காயும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அன்றைக்கே எழுதத் தொடங்கலாம்.